வேதபுரத்தில் ஒன்றரை நாள்: பாரதியின் வரிகளைப் பிடித்துக்கொண்டு புதுச்சேரியை நடந்து பார்க்க

புதுச்சேரியின் பழைய நகரம் ரொம்பச் சின்னது. புல்வார் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் சுற்றுச் சாலைகளுக்குள் எந்த முனையிலிருந்து எந்த முனைக்கும் மெதுவாக நடந்தாலே அரை மணி நேரம் போதும். பாரதியைத் தேடி இங்கே வருகிறவர்கள் முதலில் மனதில் வாங்க வேண்டியது இந்த அளவைத்தான். 1908 செப்டம்பரில், சென்னையில் ‘இந்தியா’ பத்திரிகை மீது வழக்குப் பாய்ந்தபோது, கைதாகாமல் தப்பி இந்தப் பிரெஞ்சு ஊருக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 25. 1918 நவம்பர் 20 அன்று கிளம்பினார். இடைப்பட்ட பத்து ஆண்டுகளும் பிரெஞ்சு எல்லையைத் தாண்டினால் பிரிட்டிஷ் போலீஸ் பிடிக்கும் என்ற நிலை. நாம் அரை மணியில் நடந்து முடிக்கிற இந்தத் தெருக்களுக்குள்தான் கண்ணன் பாட்டும் பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் பிறந்தன.

நான் முதல் முறை போனபோது எதையும் படித்துக்கொண்டு போகவில்லை. நேரே நினைவு இல்லத்துக்குப் போய், படங்களைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். இரண்டாம் முறை கையில் நாலு தாள் இருந்தது. அதே ஊர் வேறு ஊராகத் தெரிந்தது. அந்த இரண்டாம் பயணத்தை உங்களுக்கு முதல் பயணமாக்குவதற்கே இதை எழுதுகிறேன்.

போவதற்கு முன்

பாரதியை முழுக்கப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றில்லை. அவருடைய படைப்புகள் நாட்டுடைமையானவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்தே ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள். குயில் பாட்டு முழுவதும். ‘பாரதி அறுபத்தாறு’ பாடலில் குள்ளச்சாமி வரும் பகுதி. ‘புயற்காற்று’, அதன் அடுத்த பாட்டான ‘பிழைத்த தென்னந்தோப்பு’. வசன கவிதையில் ‘காற்று’ பகுதியின் தொடக்கம். ‘காக்காய் பார்லிமெண்ட்’ என்ற சின்னக் கதை. இரண்டு மாலை நேரம் ஒதுக்கினால் படித்து முடித்துவிடலாம்.

கூடவே ஒரு நினைவுக்குறிப்பும் படிக்க முடிந்தால் மிக நல்லது. என் தேர்வு யதுகிரி அம்மாளுடையது. பாரதியோடு புதுவையில் இருந்த மண்டயம் ஸ்ரீநிவாசாச்சாரியாரின் மகள் அவர். சிறுமியாக பாரதி வீட்டுக்குள் ஓடியாடித் திரிந்தவர் என்பதால், பெரியவர்கள் யாரும் குறித்து வைக்காத சங்கதிகள் அவர் எழுத்தில் கிடைக்கும். செல்லம்மா பாரதி எழுதிய சரித்திரமும் இருக்கிறது. ஒரு வீட்டில் அரிசி தீர்ந்துபோவது எப்படி இருக்கும் என்று தெரிய அதைப் படிக்க வேண்டும்.

தேவையான வரிகளைப் பெரிய எழுத்தில் தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரை வெயிலில் கைப்பேசித் திரை கண்ணுக்குத் தெரியாது. அதோடு, கைப்பேசியை எடுத்தால் கை தானாகப் படம் எடுக்கப் போய்விடும்.

நாள் பார்க்கும்போது இரண்டு விஷயம். அரசு அருங்காட்சியகங்கள் பொதுவாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும், அதனால் அந்த நாள் வேண்டாம். நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம், நடக்கச் சிரமம். தையிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். என்னைக் கேட்டால் பங்குனிதான். வெயில் கொஞ்சம் ஏறியிருக்கும், ஆனால் குயில் கூவத் தொடங்கியிருக்கும்.

குயில் பாட்டே வரைபடம்

பலரும் நினைவு இல்லத்தில் தொடங்குவார்கள். வேண்டாம். குயில் பாட்டைக் கவனித்துப் படித்தால் அதற்குள்ளேயே ஒரு வழித்தடம் இருப்பது தெரியும். கடலில் தொடங்கி, தோப்புக்குப் போய், வீட்டில் முடிகிற பாட்டு அது. அந்த வரிசையிலேயே நடங்கள்.

விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்துவிடுங்கள். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை அங்கே வண்டிகளை விடுவதில்லை, நிம்மதியாக நிற்கலாம். கிழக்கே பார்த்து நின்று தாளை எடுங்கள்.

“காலை இளம்பரிதி வீசுங் கதிர்களிலே
நீலக்கடலோர் நெருப்பெதிரே சேர்மணிபோல்
மோகனமாஞ் சோதி பொருந்தி…”

நீலமணிக்கு எதிரே நெருப்பைப் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறதாம் கடல். புத்தகத்தில் படிக்கும்போது இது ஓர் அலங்காரம். சூரியன் தண்ணீரை விட்டு மேலே வரும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் பார்த்தால், கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதியிருக்கிறார் என்று தெரியும். கரு நீலத்துக்குள் சிவப்பு இறங்குவது உள்ளிருந்து வரும் வெளிச்சம் மாதிரி இருக்கும். மேகமூட்டமாக இருந்தால் ஏமாந்துபோக வேண்டாம், மறுநாள் காலை மீண்டும் வாருங்கள். ஒன்றரை நாள் என்று நான் சொல்வது இதற்காகவும்தான்.

அப்புறம் திரும்பி நின்று ஊரைப் பாருங்கள். பாரதி பார்த்தது எது, பார்க்காதது எது என்று பிரித்துக்கொள்வது ஒரு நல்ல பயிற்சி. பழைய வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1836இல் கட்டியது, அவர் பார்த்திருப்பார். முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் பிற்பாடு வந்தது. காந்தி சிலையும் அப்படியே. அவர் காலத்தில் கடலுக்குள் நீண்டிருந்த இரும்புப் பாலத்தை 1952 புயல் கொண்டுபோய்விட்டது. பெரிய மாற்றம் மணல்தான். பாரதி தான் எழுதிய ‘கடற்கரையாண்டி’ கதையில் நடுப்பகலில் வேதபுரத்துக் கடற்கரை மணலில், அலைக்கு எதிரே போய் உட்கார்கிறார். இன்று கரையின் பெரும்பகுதி கருங்கல் குவியல், தலைமைச் செயலகத்துக்கு எதிரே மட்டும் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. உட்காருவதானால் அங்கே உட்காருங்கள்.

வேதபுரம் என்று யாரும் தேடி அலைய வேண்டாம், அது இந்த ஊர்தான். கதைகளிலும் கட்டுரைகளிலும் புதுச்சேரியை அவர் அப்படித்தான் அழைத்தார். ஊரின் சிவன் பெயர் வேதபுரீசுவரர். அந்தப் பழைய கோயிலை 1748இல் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். இப்போதிருப்பது பின்னால் வேறிடத்தில் எழுந்த கோயில். மகாத்மா காந்தி வீதியில் போகும்போது கோபுரம் தெரியும்.

தோப்பு

பாட்டு அடுத்து எங்கே போகிறது?

“செந்தமிழ்த் தென்புதுவை யென்னுந் திருநகரின்
மேற்கே, சிறுதொலைவில் மேவுமொரு மாஞ்சோலை”

குயில்தோப்பு என்று இன்று காட்டப்படும் இடம் கருவடிக்குப்பத்தில், சித்தானந்த சுவாமி கோயிலை ஒட்டி இருக்கிறது. கடற்கரையிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். ஏறும் முன் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள், திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசினால் வசதி. திசையை வைத்துப் பார்த்தால் பழைய நகரத்துக்கு வடமேற்கே வரும். பாட்டு ‘மேற்கே’ என்கிறது. கடலை விட்டு உள்ளே போனாலே மேற்குதானே என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

மாஞ்சோலையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பாட்டில் நாற்புறத்து வேடர்களும் பறவை சுட வருகிற பெருஞ்சோலை அது. இன்று சுற்றிலும் வீடுகள். மரம் குறைந்துவிட்டது, எனக்கு அது வருத்தம்தான். ஆனால் காலை எட்டு மணிக்குள் போனால் பறவைச் சத்தம் இன்னும் கேட்கும். ஒரு மரத்தடியில் பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு, குயிலின் பாட்டு வரும் பகுதியைப் படியுங்கள். “காதல், காதல், காதல், காதல் போயிற் காதல் போயிற் சாதல், சாதல், சாதல்” என்று தொடங்குமே, அது. வாய்விட்டுப் படிக்கக் கூச்சமாக இருந்தால் உதட்டளவிலாவது படியுங்கள். காதால் வாங்க வேண்டிய பாட்டு அது.

பக்கத்துக் கோயிலையும் பார்த்துவிடுங்கள். “சித்தாந்தச் சாமி திருக்கோயில் வாயிலில் தீபவொளி யுண்டாம்” என்று பாரதி பாடியிருப்பது இந்தக் கோயிலைத்தான் என்பார்கள். நகரக் கூட்டத்திலிருந்து விலகி நண்பர்களோடு வந்து அவர் பொழுது போக்கிய பகுதி இது.

வீடு

பத்து மணி வாக்கில் நகரத்துக்குத் திரும்பி, ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவுக்கு வாருங்கள். பாரதி குடியிருந்த வீடு அரசு நினைவு இல்லமாக, நூலகமும் ஆய்வு மையமுமாக இருக்கிறது. பழைய புகைப்படங்கள், கையெழுத்து, பத்திரிகைப் பக்கங்கள் எல்லாம் இருக்கும். அவற்றைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு மூலையில் நின்று குயில் பாட்டின் முடிவை எடுங்கள். கனவு கலைகிறது. கண்ணை விழித்துப் பார்க்கிறார்:

“சூழ்ந்திருக்கும் பண்டைச் சுவடி, எழுதுகோல்,
பத்திரிகைக் கூட்டம், பழம்பாய் - வரிசையெல்லாம்
ஒத்திருக்க ‘நாம்வீட்டில் உள்ளோம்’ எனவுணர்ந்தேன்”

சோலை, குயில், காதல் எல்லாமே மாலை அழகின் மயக்கத்தில் உள்ளத்தில் தோன்றிய கற்பனை என்று அடுத்தாற்போல் சொல்லிவிடுகிறார். காலையில் கடலைப் பார்த்து, தோப்பில் உட்கார்ந்துவிட்டு வந்த உங்களுக்கு இப்போது ‘பழம்பாய்’ என்ற சொல் தைக்கும். எனக்குத் தைத்தது. 700 வரிக்கு மேல் ஓடும் அந்தக் கனவு ஒரு பழைய பாயில் வந்து முடிகிறது. அந்தப் பத்திரிகைக் கூட்டத்தில் அவருடைய சொந்தப் பத்திரிகை இல்லை. புதுவையிலிருந்து அச்சான ‘இந்தியா’வைப் பிரிட்டிஷ் பகுதிக்குள் விடாமல் அரசு தடுத்ததால் 1910 மார்ச்சோடு அது நின்றுபோனது. வாசகர்கள் எல்லோரும் எல்லைக்கு அப்பால், எழுத்தாளர் இந்தப் பக்கம். கையெழுத்துகள் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கும்போது இது மனதில் இருக்கட்டும்.

அப்புறம் மாடிக்கு விடுகிறார்களா என்று கேளுங்கள். விட்டால் வசன கவிதைத் தாளை எடுங்கள். “ஒரு வீட்டு மாடியிலே ஒரு பந்தல். ஓலைப்பந்தல்” என்று தொடங்கும். மூங்கில் கழியில் மிச்சமாகத் தொங்கும் ஒரு சாண் கயிறு. அதோடு அவர் பேசுகிறார், அதற்குக் கந்தன் என்று பெயர், பக்கத்துக் கயிறு வள்ளியம்மை. எந்த வீட்டு மாடி என்று பாரதி சொல்லவில்லை, ‘ஒரு வீட்டு மாடி’தான். ஆனால் புதுவை மாடிகளில் பிற்பகலில் கடல்காற்று வந்து மோதும்போது படித்தால் அந்தக் கயிறு ஆடுவது தெரியும். எதிர் வீட்டுக் கூரையில் காக்கை உட்கார்ந்திருந்தால் ‘காக்காய் பார்லிமெண்ட்’டுக்கும் இதுவே இடம். வீட்டில் இருந்த அரிசியைக் குருவிகளுக்கு அள்ளி இறைத்த கதையும் இந்த ஊர்க் கதைதான். அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு சொல்கிறவர்கள் செல்லம்மாவின் பக்கத்தையும் ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இங்கே ஒன்றரை மணி நேரமாவது இருங்கள். உச்சி வெயிலில் சாப்பிட்டுவிட்டு அறையில் படுத்து எழுந்துவிடலாம்.

மாலையில் தெருக்கள்

நாலு மணிக்குமேல் கிளம்புங்கள். வெள்ளைக்காரர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரித்த பெரிய வாய்க்கால் இன்னும் ஊரின் நடுவே ஓடுகிறது. பாரதி வீடு தமிழர் பக்கம். வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே போனால் மணக்குள விநாயகர். ‘விநாயகர் நான்மணிமாலை’ இவர்மீது பாடியதுதான். “நமக்குத் தொழில்கவிதை, நாட்டிற் குழைத்தல், இமைப்பொழுதுஞ் சோராதிருத்தல்” என்று தமிழ்நாடே சொல்லும் வரி ஒரு பிள்ளையாரிடம் வைத்த வேண்டுதலுக்குள் வருகிறது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

பக்கத்திலேயே அரவிந்தர் ஆசிரமம். அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று கப்பலில் வந்து இறங்கினார். முதல் ஆறு மாதம் அவருக்கு இடம் கொடுத்தவர் கலவை சங்கரச் செட்டியார். அதே ஆண்டு வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். பாரதியும் அரவிந்தரும் சேர்ந்து வேதம் படித்தார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, இந்தச் சுதேசிகளைச் சுற்றி ஒற்றர்கள் மொய்த்தார்கள். மாலை நடைக்குப் போனால் பின்னால் ஒருவன் வருவான். இந்த நேரான தெருக்களில் ஒளிந்துகொள்ள வளைவே கிடையாது. ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும். நடக்கும்போது ஒரு தரம் நின்று திரும்பிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

மீண்டும் தமிழர் பகுதிக்கு வந்து பெருமாள் கோயில் தெருவைப் பிடியுங்கள். அங்கே பாரதிதாசன் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. மாலையில் சீக்கிரம் மூடிவிடுவார்கள், உள்ளே பார்க்க வேண்டுமானால் நாலு மணிக்கே இதை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். 1891இல் இதே ஊரில் பிறந்த கனகசுப்புரத்தினம் என்ற பள்ளி ஆசிரியர், பாரதி இருப்பது தெரியாமலே ஒரு கல்யாண வீட்டில் அவர் பாட்டைப் பாடினார். பாரதி முன்னிலையில் அவர் எழுதிய “எங்கெங்கு காணினும் சக்தியடா” பாட்டை, தன் ‘கவிதா மண்டலத்தைச் சார்ந்த’வர் எழுதியது என்று குறிப்பிட்டு பாரதி பத்திரிகைக்கு அனுப்பினார். இரண்டு வீட்டுக்கும் இடையிலான தூரத்தை நடந்து பாருங்கள். இவ்வளவு கிட்டத்தில் இருந்தார்களா என்று தோன்றும்.

இனி வரைபடம் வேண்டாம். குள்ளச்சாமி பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு மனம்போன தெருவில் திரும்புங்கள். குள்ளச்சாமி இந்தத் தெருக்களில் திரிந்த சித்தர். பைத்தியம் என்றும் சொன்னார்கள். பாரதி அவரைக் குருவாகக் கொண்டார். ஒரு நாள் அழுக்கு மூட்டையைச் சுமந்துகொண்டு எதிரே வருகிறார். இது என்ன கோலம் என்று பாரதி கேட்க, பதில் வருகிறது:

“புறத்தேநான் சுமக்கின்றேன், அகத்தி னுள்ளே,
இன்னதொரு பழங்குப்பை சுமக்கி றாய்நீ”

சொல்லிவிட்டு அவர் விரைந்து போய்விடுகிறார். உபதேசம் ஆசிரமத்தில் நடக்கவில்லை, நடுத்தெருவில் நடந்தது. இன்னொரு நாள், இடிந்த வீட்டின் கொல்லையில் ஒரு குட்டிச்சுவரையும், மேலே சூரியனையும், கிணற்றுக்குள் தெரிந்த அந்தச் சூரியனின் பிம்பத்தையும் காட்டி, புரிகிறதா என்று கேட்டிருக்கிறார். தமிழர் பகுதியில் ஓடு சரிந்து, சுவர் மட்டும் நிற்கிற பழைய வீடுகள் இன்னும் அங்கங்கே உண்டு. அப்படி ஒன்றைக் கண்டால் கொஞ்சம் நில்லுங்கள். யாராவது குடியிருக்கும் வீட்டுத் திண்ணைக்குள் மட்டும் கேட்காமல் நுழைந்துவிடாதீர்கள்.

இரவில் படிக்க ஒரு பாட்டு

அறைக்குத் திரும்பியதும் விளக்கணைக்கும் முன் ‘புயற்காற்று’. 1916 நவம்பரில், நள வருடம் கார்த்திகை மாதம், ஊரைப் புரட்டிப்போட்ட புயல் இரவில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது. முந்தின நாள்தான் குடும்பம் வேறு வீட்டுக்கு மாறியிருக்கிறது. மனைவி சொல்கிறாள்:

“நேற்றிருந்தோம் அந்த வீட்டினிலே, இந்த
நேரமிருந்தால் என்படுவோம்?”

பகலெல்லாம் நீங்கள் பார்த்த ஓட்டு வீடுகளை நினைத்துக்கொண்டு படியுங்கள். அடுத்த பாட்டில் அவர் ஊருக்கு வெளியே போய்ப் பார்க்கிறார். மரங்களெல்லாம் நாற்றைப்போல் சிதறிக் கிடக்க, ஓர் ஏழையின் சின்னத் தென்னந்தோப்பு மட்டும் தப்பி நிற்கிறது.

மறுநாள்: எல்லை

விடியலில் கடற்கரைக்கு ஒரு முறை போய்வந்த பிறகு, பெரிய பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் ஏறுங்கள். அடிக்கடி இருக்கும், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஜன்னல் ஓரம் கிடைத்தால் நல்லது. அரியாங்குப்பம் ஆறு, தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டி முள்ளோடை வரும். அங்கேதான் புதுச்சேரி முடிகிறது. அதன் பின் தென்பெண்ணைப் பாலம், அப்புறம் கடலூர்.

1918 நவம்பர் 20 அன்று பாரதி இந்த எல்லையைத் தாண்டியதும் கடலூர் அருகே கைது செய்தார்கள். 24 நாள் கடலூரில் அடைத்து வைத்திருந்து, டிசம்பர் 14 அன்று நிபந்தனைகளோடு விட்டார்கள். அங்கிருந்து செல்லம்மாவின் ஊரான கடையத்துக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் இருந்தது மூன்று ஆண்டுகூட இல்லை.

முள்ளோடை வருவதற்குள் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு வெளியே பாருங்கள். வரிசையாக மதுக்கடைப் பலகைகள், ஒரு சோதனைச் சாவடி, சாலையின் நிறம் கொஞ்சம் மாறும். பஸ் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துவிட்டு அப்படியே போய்விடும்.